சக்கைக்கு யாரும் ரிப்போர்ட் கேட்கவில்லை

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் பெண்டாட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் மில் கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்கிறாய். சரி, தீப்பிடிக்கிற இடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டுக்கு வெளியே வந்த பிறகும் "அக்கா, டூட்டியில இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாயே, அது எந்த டூட்டி? அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்து வரும் மில் லாரிக்காரரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

நீ சிபாரிசு செய்த சக்கை நேற்று வந்தது. கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, காலையிலிருந்து காத்திருந்தோம். லாரிக்காரர் வாசற்படியில் கொட்டிவிட்டு, "ஈரச் சரக்கும்மா, நின்னா ஒழுகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் உன் மாமாவும் கூடை கூடையாக அள்ளி முடிக்கும்போது மணி மூன்று. புளித்த மாவும் காயாத துணியும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. உன் மருமகள் நேற்றிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டேதான் பேசுகிறாள். நான்கு வயதில் அது ஒரு விளையாட்டு. எனக்கு அவள் சொல்வது ஒன்றும் புரியவில்லை.

உன் மாமா வருகிறவர்களிடமெல்லாம், "இது சாராயம் காய்ச்சுன சோளம், இனிமே மாடெல்லாம் தள்ளாடிக்கிட்டேதான் கறவைக்கு வரும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பால் சங்கத்துச் செயலாளர் வாங்குகிறாளே என்று என்னை நம்பி இன்னும் ஏழு வீட்டில் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் மாமா பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, "நிஜமாவா?" என்று கேட்கிறார்கள். ஆகவே தயவுசெய்து எழுது: இது என்ன, எதிலிருந்து வருகிறது, மாட்டுக்கு எவ்வளவு போட வேண்டும், எத்தனை நாள் தாங்கும். "நல்லது, போடு" என்று ஒரு வரியில் முடிக்காதே.

உன் பெண்டாட்டிக்கு ஐந்தாம் மாதம் அல்லவா, கனமானதைத் தூக்கவிடாதே.

அன்புடன்,
அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நாங்கள் இருவரும் நலம். மாமாவையும் என் மருமகள் குட்டியையும் விசாரித்ததாகச் சொல். வாசற்படியில் கொட்டியதற்காக லாரிக்காரரைக் கேட்டேன். அவர், "உங்க அக்கா குழியை நடுவுல வெட்டிட்டு வழியில மாட்டைக் கட்டியிருந்தாங்க" என்கிறார். எனக்கு எதற்கு இந்தப் பஞ்சாயத்து.

நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன். மக்காச்சோளத்தை அரைத்து, தண்ணீர் விட்டு வேகவைத்து, ஈஸ்ட் போட்டு இரண்டரை நாள் புளிக்கவிடுகிறோம். சோளத்தில் இருக்கிற மாவுச்சத்தை ஈஸ்ட் தின்றுவிடும். அதில் பாதி எத்தனாலாகிறது, பெட்ரோலில் கலக்கப் போகிறது. பாதி வாயுவாகிறது, அதைப் பிடித்து சோடா கம்பெனிக்குக் கொடுக்கிறோம். தின்னாமல் மிஞ்சுவதுதான் சக்கை. கொஞ்சம் எண்ணெயும் பிழிந்து எடுக்கிறோம். மூன்று மூட்டை சோளம் போட்டால் ஒரு மூட்டை எடைக்கு எத்தனால், ஒரு மூட்டைக்கு வாயு, ஒரு மூட்டைக்குச் சக்கை என்று வைத்துக்கொள்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. மாவு மட்டும்தானே போகிறது? புரதம், நார், உப்புச்சத்து எதுவும் எங்கும் போவதில்லை. மூன்று மூட்டையில் இருந்தது ஒரு மூட்டைக்குள் வந்துவிடுகிறது. சோளத்தில் இருந்ததைப்போல மூன்று மடங்கு. அதனால்தான் பால் கூடும் என்றேன். சாராயம் இதில் துளியும் கிடையாது, காய்ச்சி எடுத்துவிடுகிறோம். மாடு தள்ளாடினால் வேறு காரணம் இருக்கும் என்று மாமாவிடம் சொல்.

கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிலோ, வைக்கோலோடு கலந்து போடு. வெயில் காலத்தில் மூன்று நாளுக்கு மேல் வைக்காதே. எங்கள் டிரையர் பழுதாகிக் கிடக்கிறது, காயவைத்துத் தொலைவுக்கு அனுப்ப முடியவில்லை. சக்கை போகாவிட்டால் தொட்டி நிறைந்து மில்லே நின்றுவிடும். ஆகவே உங்கள் சங்கம் எடுத்துக்கொள்வதில் எங்கள் மேனேஜருக்கு ஏக சந்தோஷம். "உங்க அக்காவுக்கு ஒரு சால்வை போடணும்" என்றார்.

அன்புத் தம்பி

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத நேரமில்லை, ஆவல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்.

பால் கூடியிருக்கிறது. பதினொரு மாட்டுக்கும் சேர்த்து வேளைக்கு ஏழெட்டு லிட்டர். அதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் நிம்மதி போய்விட்டது. ஏழு வீடு இப்போது பத்தொன்பது வீடு. எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். லாரி எப்போது வரும், எனக்கு ஏன் குறைத்துப் போட்டார்கள், அவள் குழிக்கு மட்டும் ஏன் கெட்டிச் சக்கை. நான் என்ன மில்லையா நடத்துகிறேன்? உன் மாமா உன் கடிதத்தை மனப்பாடம் செய்துவிட்டார். பால் சென்டரில் நின்றுகொண்டு, "மூணு மூட்டை ஒரு மூட்டைக்குள்ள" என்று விரலை மடக்கி மடக்கிப் பாடம் நடத்துகிறார். கறவைக்கு மட்டும் கூப்பிட்டால் காது கேட்பதில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒத்தமாட்டு அக்கா இருக்கிறார், ஒரே ஒரு மாடு வைத்திருப்பவர். அவர் வாங்க மாட்டேன் என்றுதான் இருந்தார். "எனக்கு இருக்கறது ஒண்ணு. அதுவும் சினை. பரிசோதனைக்கெல்லாம் நம்மகிட்ட மாடு இல்லைம்மா" என்றார். நான்தான் போய் உட்கார்ந்து பேசி, என் பங்கிலிருந்து இரண்டு கூடை கொடுத்துப் பழக்கினேன். மாடு விரும்பித் தின்கிறது. இப்போது அவர் தினமும் வந்து, "நாளைக்கும் உண்டுல்ல?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

சால்வை வேண்டாம் என்று உன் மேனேஜரிடம் சொல். லாரியை ஒழுங்கான நேரத்துக்கு அனுப்பினால் போதும்.

உன் பெண்டாட்டிக்குக் கால் வீக்கம் இருக்கிறதா? எழுது.

அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே இரண்டு வாரமாக விடாத மழை. புதுச் சோளம் எல்லாம் நனைந்துதான் வந்து இறங்குகிறது.

ஒரு சின்ன விஷயம். சக்கையை எட்டு கிலோவிலிருந்து நான்காகக் குறைத்துவிடு. கன்றுக்குட்டிகளுக்கும் சினை மாட்டுக்கும் போடாதே. மருமகள் குட்டிக்கும் கொஞ்ச நாள் வீட்டுப் பால் வேண்டாம், மழைக்குச் சளி பிடிக்கும். இது உனக்கு மட்டும். மற்றவர்களிடம் சொல்லிக் குழப்பாதே, அவரவர் மாடு, அவரவர் அளவு.

அவளுக்கு லேசாகக் கால் வீக்கம் உண்டு. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்.

தம்பி

ஜூலை 27

தம்பிக்கு,

நலம். உன் கடிதம் லாரியோடு வந்தது. நான்கு முறை படித்தேன். உன் மாமாவையும் படிக்கச் சொன்னேன். அவர், "தம்பி சொன்னா காரணம் இருக்கும்" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். காரணம் இருக்கும் என்று எனக்கும் தெரியும். அது கடிதத்தில் இல்லையே.

போன மாதம் எட்டு கிலோ, இந்த மாதம் நான்கு. ஏன்? சினை மாட்டுக்குப் போடாதே என்கிறாய். முன்பு எழுதும்போது சினை மாடு என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா? உன் மருமகளுக்குச் சளி என்று யார் சொன்னது? தெருவில் மழைத் தண்ணீரைக் காலால் உதைத்துக்கொண்டு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். பால் குடித்தால் சளி பிடிக்கும் என்று உனக்கு எந்த லேபில் சொல்லிக்கொடுத்தார்கள்?

"இது உனக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறாய் பார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பத்தொன்பது வீட்டுக்கு நான்தான் சொல்லி வாங்கவைத்தேன். ஒத்தமாட்டு அக்காவிடம் இப்போது போய் என்னவென்று சொல்ல? ஒழுங்காக, விவரமாக, மறு லாரியில் பதில் வர வேண்டும்.

அக்கா

ஆகஸ்ட் 8

தம்பிக்கு,

மூன்று லாரி வந்துவிட்டது. மூன்றிலும் சக்கை இருந்தது, கடிதம் இல்லை. லாரிக்காரரைக் கேட்டால், "சாருக்கு என்ன, நல்லாத்தான் இருக்காரு. கொஞ்சம் இளைச்ச மாதிரி" என்கிறார். இளைத்திருக்கிறாயா? ஏன்? சரியாகச் சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு எழுது.

இங்கே நிலவரம் சரியில்லை. கூடிய பால் இறங்கிவிட்டது. நாலைந்து வீட்டு மாடுகள் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கின்றன. ஒத்தமாட்டு அக்காவின் மாடு நேற்று ஒரு வாய்கூட வைக்கவில்லை. மாட்டு டாக்டர் வந்து கண்ணை இழுத்துப் பார்த்தார், சாணியைப் பார்த்தார். "தீனி என்ன போடறீங்க?" என்றார். அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மழை வருகிறதா என்று பார்க்கிற மாதிரி.

போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. உன் பெண்டாட்டி எடுத்து, "அவர் குளிக்கிறார் அண்ணி" என்றாள். அரை மணி கழித்துப் போட்டேன், அப்போதும் குளிக்கிறாய். உன் தோல் இன்னும் உடம்பில் இருக்கிறதா?

எனக்கு ஒரு வரி போதும்.

அக்கா

ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். டிரையருக்கு உதிரிப்பாகம் வந்திருக்கிறது. ஆனால் பொருத்துகிறவர் வரவில்லை. மழை விட்டபாடில்லை. குவார்ட்டர்ஸ் சுவரெல்லாம் ஓதம். அவளுக்குக் கால் வீக்கம் அதிகமாகி, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் மாதம் நடக்கிறது. பிரசவம் வரை இந்தக் குவார்ட்டர்ஸும் மில் ஆஸ்பத்திரியும் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவள் அடிக்கடி சொல்கிறாள்.

அக்கா, சக்கையை நிறுத்திவிடு. முழுதாக. காரணம் கேட்காதே.

தம்பி

ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதை இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.

காரணம் கேட்காதே என்று எழுதினால் நான் கேட்காமல் இருப்பேன் என்று எத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நீ சொல்லாவிட்டால் போகட்டும், மாட்டு டாக்டரிடம் கேட்டேன். "அந்தச் சக்கை வர்ற சோளம் எப்படி? பூசணம் பிடிச்சதா?" என்றார். பூசணத்தில் ஒரு விஷம் உண்டாம். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, வேகவைத்தாலும் போகாதாம். மாட்டின் ஈரலைக் கெடுக்குமாம். பாலிலும் இறங்குமாம். "அதிலயும் சின்னப் பிள்ளைங்கதான் பாவம்" என்றார்.

வீட்டுக்கு வந்து உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்தேன். மாவு மட்டும்தான் போகிறது, மற்றதெல்லாம் மூன்று மடங்கு என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் மாமா விரல் மடக்கிச் சொன்ன கணக்கு. புரதம் மூன்று மடங்காகும் என்றால் விஷம் மட்டும் எங்கே போகும், சோடா கம்பெனிக்கா?

ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. வேறு எதுவும் எழுத வேண்டாம். டிரையரைப் பற்றி எழுதாதே. ஓதத்தைப் பற்றி எழுதாதே.

என் மாடுகளுக்கு நிறுத்திவிட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம்.

இதைத் தபாலில் அனுப்புகிறேன், லாரியில் வேண்டாம். நீ ஒரு வார்த்தைதான் கேட்டாய், ஆனால் மீதியையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜூலை பத்தாம் தேதி ஒரு கிடங்குச் சோளம் வந்தது. மூட்டையில் கை விட்டால் உள்ளே சூடு. நீல விளக்கில் வைத்துப் பார்த்தபோது உடைந்த மணிகள் பச்சையாக மின்னின. பரிசோதனைப் பட்டையில் போட்டேன், பூசண விஷம் பதினெட்டு. நூறு கோடிப் பங்கில் இருபது பங்கு வரை சோளத்துக்கு அனுமதி. பதினெட்டு என்றால் உள்ளேதான். ஆனாலும் மேனேஜரிடம் போனேன்.

"இருபதுக்குள்ள இருக்குல்ல? இறக்குங்க" என்றார்.

"சார், சக்கையில மூணு மடங்கு ஆகிடும்."

"எத்தனால்ல வருமா?"

"வராது சார். காய்ச்சும்போது அது மேல ஏறாது."

"அப்ப நம்ம சரக்கு சுத்தம். சக்கைக்கு யாரும் ரிப்போர்ட் கேக்கலையே? கேட்டா அப்ப பார்ப்போம்."

"மாட்டுக்குப் போகுது சார். எங்க அக்கா ஊருக்குத்தான் போகுது."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கெட்ட மனிதர் இல்லை அக்கா, என் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தவர். "அப்ப அக்காகிட்ட கொஞ்சமா போடச் சொல்லுங்க" என்றார். "டிரையர் ஓடற வரைக்கும்தான். தொட்டி நிறைஞ்சா எல்லாருக்கும் வேலை போகும். உங்க வீட்டுல வேற இந்த நிலைமை."

நான் கையெழுத்துப் போட்டேன். சோளம் பதினெட்டு, ஏற்கலாம். பொய்யில்லை. இருபத்து மூன்றாம் தேதி, யாரும் கேட்காமலே, சக்கையை எடுத்துப் பரிசோதித்தேன். ஐம்பத்து நான்கு. அதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. சட்டைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன். அடுத்த நாள் உனக்கு நான்கு கிலோ என்று எழுதினேன். அதற்குப் பிறகு வந்த எந்த லோடும் ஐம்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். குளித்துக்கொண்டிருக்கவில்லை. போன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மில்லின் லேப் தாள், நான்கு லோடுகளின் தேதியும் அளவும், என் கையெழுத்து, முத்திரை. எங்கே காட்ட வேண்டுமோ காட்டு. அவளிடம் சொல்லிவிட்டேன். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். பிறகு, "இதைக் கையில வச்சுக்கிட்டா இத்தனை நாள் சாப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

உன் மாடுகளுக்கு நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். மற்றவர்களும் நிறுத்திவிட்டார்களா? அதைப் பற்றி நீ எழுதவில்லை.

தம்பி

செப்டம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் பெண்டாட்டியின் உடம்பை முதலில் எழுது.

கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பால் ஊற்ற எல்லோரும் வரும் நேரத்தில் சென்டரில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று உன் தாளைப் படித்தேன். ஐம்பத்து நான்கு, ஐம்பத்து ஒன்று, ஐம்பத்து எட்டு, ஐம்பத்து மூன்று. சிலருக்குப் புரியவில்லை. உன் மாமா விரல் மடக்காமல் நிதானமாக விளக்கினார். அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

நான் எல்லோரிடமும் உன்னைத் திட்டத் தயாராகத்தான் ஏறினேன். எனக்கு மட்டும் சொன்னான், ஊருக்குச் சொல்லவில்லை, என்ன பிழைப்பு இது என்று. வாயைத் திறப்பதற்குள் ஒத்தமாட்டு அக்கா கேட்டார், "உன் மாட்டுக்கு நீ எப்ப நிறுத்துனே?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தேதி கேட்டார், அவ்வளவுதான்.

நீ கேட்டாயே, மற்றவர்களும் நிறுத்திவிட்டார்களா என்று. இல்லை. உன் கடிதம் வந்த பதினான்காம் தேதியே என் பதினொரு மாட்டுக்கும் நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. உன் வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். என் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதுதான் மீதி. அந்த இரண்டு வாரமும் அவர் வந்து, "நாளைக்கும் உண்டுல்ல?" என்று கேட்டார். "உண்டு" என்றேன். இருபத்தொன்றாம் தேதி அவர் மாட்டுக்குச் சினை கலைந்துவிட்டது. இதனால்தான் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை உனக்கு எழுத உட்கார்ந்து இரண்டு முறை தாளைக் கிழித்துப் போட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சளி என்று நீ எழுதிய கடிதம் வந்த மறுநாளிலிருந்தே குட்டிக்குக் கடைப் பால்தான். உன்னை வரிக்கு வரி திட்டி எழுதினேனே ஜூலையில், அன்றைக்கே அடுப்பில் இருந்தது பாக்கெட் பால். காரணம் தெரியாது, ஆனால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. என் பிள்ளைக்கு வேண்டாம் என்று வைத்த பாலைத்தான் காலையும் மாலையும் சங்கத்துக் கேனில் ஊற்றினேன். அது எந்தெந்த வீட்டுக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது.

அவ்வளவையும் ஸ்டூலில் நின்றபடியே சொன்னேன். இறங்கிவிட்டுச் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது வரும். ஒத்தமாட்டு அக்கா தன் தூக்குவாளியைக் கொண்டுபோய் வாய்க்காலில் கவிழ்த்தார். அந்த மாடு இப்போது கறப்பதே ஒன்றரை லிட்டர். அவரைப் பார்த்து ஒவ்வொருவராகக் கவிழ்த்தார்கள். நிரம்பியிருந்த மூன்று கேனையும் நானும் உன் மாமாவும் உருட்டிக்கொண்டு போய்க் கொட்டினோம். மத்தியானம் வந்த லாரியை ஊர் எல்லையிலேயே திருப்பி அனுப்பினார்கள். லாரிக்காரர், "எனக்கு எதுவும் தெரியாதும்மா" என்றார். அவருக்கு நிஜமாகவே தெரியாது.

தாளை நகல் எடுத்துக் கால்நடை அலுவலகத்துக்கும் பால் பண்ணைக்கும் கொடுத்தாயிற்று. இனி உனக்கு என்ன வருமோ தெரியவில்லை. உன்னைத் திட்ட இன்னும் நிறைய இருக்கிறது. இப்போது அதற்கு எனக்கு வாய் இல்லை.

அக்கா

செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் குழந்தை, பதினெட்டாம் தேதி. மூன்று வாரம் முந்திக்கொண்டது. எடை குறைவு, அழுகை மட்டும் உன்னைப் போல. தாயும் சேயும் நலம்.

அதிகாரிகள் வந்து சோளத்திலும் சக்கையிலும் மாதிரி எடுத்தார்கள். என் அளவுக்கும் அவர்கள் அளவுக்கும் இரண்டு மூன்றுதான் வித்தியாசம். சக்கையை வெளியே அனுப்பத் தடை. தொட்டி நிறைந்து மில் ஒன்பது நாளாக நிற்கிறது. என்னைத் தற்காலிக நீக்கம் செய்திருக்கிறார்கள். மில் தாளை அனுமதியில்லாமல் வெளியே கொடுத்தது குற்றம். மாத முடிவுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். நீக்கக் கடிதத்தை அவரே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனார். உடன் வேலை பார்ப்பவர்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் போகிறார்கள். நின்றுபோன மில்லுக்கு அவர்களுக்கும் காரணம் வேண்டுமே.

எங்கே போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பார்க்கலாம்.

நீ ஜூலையிலேயே பாக்கெட் பால் வாங்கினாய் என்று படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். நான்தானே அப்படி எழுதினேன், உனக்கு மட்டும் என்று.

தம்பி

செப்டம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். குழந்தையின் நலத்தை எடையோடு எழுது, "நலம்" என்று மட்டும் எழுதினால் எனக்குப் போதாது. என் அழுகையை நீ எங்கே பார்த்தாய்?

"பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். என்ன பார்க்கப் போகிறாய்? மாத முடிவுக்கு நான்கு நாள் இருக்கிறது. பின்கட்டு அறையைக் காலி செய்து உன் மாமா சுண்ணாம்பு அடித்துவிட்டார். பாதிச் சுவருக்கு அடித்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, மீதியை நீ வந்து அடி. எந்த பஸ், எத்தனை மணி என்பதை எழுது.

வேலைக்கு ஒரு வழி இருக்கிறது. இனி வெளியிலிருந்து எந்தத் தீனி வந்தாலும் பார்த்துத்தான் இறக்குவது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பால் பண்ணை தீனிக்கும் பாலுக்கும் பரிசோதனைப் பட்டை அனுப்பியிருக்கிறது. தீனிப் பட்டையைச் சரியாகப் படிக்க ஆள் இல்லை. "உங்க தம்பிக்கு இது தெரியும்ல, வருவாரா?" என்று கேட்டார்கள். நான் கேட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என்னிடம் இப்போது யாரும் யோசனை கேட்பதில்லை. செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். விடச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. ஒத்தமாட்டு அக்காவைப் போட்டிருக்கிறார்கள். ஒரு மாட்டை வைத்துக்கொண்டு செயலாளரா என்று உன் மாமா கேட்டார். நான் பார்த்த பார்வையில் எழுந்து போய்விட்டார்.

அவர் என்னோடு பேசுவதில்லை. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், என் கிடேரிகளில் ஒன்றை ஓட்டிக்கொள்ளச் சொன்னேன். கதவைச் சாத்தவில்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. "உன் மாடு எனக்கு வேண்டாம்மா. என் மாடு திரும்பச் சினை பிடிக்கட்டும், பார்ப்போம்" என்றார். திரும்பி வந்தேன்.

சென்டரில் காலையில் பால் ஊற்றுவதற்கு முன் நாளுக்கு மூன்று வீட்டுப் பாலை எடுத்துப் பட்டையில் போட்டுப் பார்க்கிறார்கள். சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும் என்று விதி. மற்ற இரண்டுக்கும் ஒத்தமாட்டு அக்கா குலுக்குகிறார். முதலாவது தினமும் என் கேன்.  அவர் வருவதற்குள் மூடியைக் கழற்றி வைத்துவிடுகிறேன். பட்டையில், பால் சுத்தம் என்று கோடு விழப் பத்து நிமிடம் ஆகிறது. பத்து நிமிடமும் எல்லோரும் என் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள். கோடு விழுந்ததும் அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஊத்து" என்கிறார். ஊற்றுகிறேன்.

அக்கா